ஒரு மணி நேர சம்பளத்துக்கு எத்தனை தோட்டா? அமெரிக்கர்களின் வாங்கும் சக்தியைக் காட்டிக்கொடுக்கும் குட்டித் தோட்டா!

நான்கு சென்ட். 2012-ல் அமெரிக்காவில் ஒரு குட்டித் தோட்டாவின் விலை கிட்டத்தட்ட இவ்வளவுதான். அன்றைய ரூபாய் மதிப்பில் இரண்டு ரூபாய் சொச்சம். மளிகைச் சாமான் வாங்கப் போகிறவர்கள், அதே கடையில் 500 தோட்டா அடங்கிய பெட்டி ஒன்றையும் 20 டாலருக்கு எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்த சில வாரங்களில் அந்தப் பெட்டி கையில் காசு இருந்தாலும் கிடைக்காத பொருளாக மாறியது. கிடைத்த இடத்தில் 60 டாலர் கேட்டார்கள். பிறகு விலை இறங்கியது. 2020-ல் மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. இப்போது ஒரு தோட்டா சுமார் 7 சென்ட்டில் நிற்கிறது.

"அதான் ஏறின விலை இறங்கிடுச்சே, அப்புறம் என்ன?" என்று தோன்றலாம். ஆனால் 2012-ல் ஒரு மணி நேர சம்பளத்தில் 180 தோட்டா வாங்க முடிந்த அதே தொழிலாளியால் இன்று 100 தான் வாங்க முடிகிறது. மீதி 80 எங்கே போனது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அது என்ன .22 தோட்டா?

பேச்சுவழக்கில் 'ட்வென்டி டூ'. முழுப்பெயர் .22 லாங் ரைஃபிள். 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குண்டின் குறுக்களவு சுமார் 5.6 மில்லிமீட்டர். தோட்டாவின் மொத்த நீளம் ஓர் அங்குலம். முன்னால் இருக்கும் ஈயக் குண்டின் எடை வெறும் 2.6 கிராம்.

நமக்கும் இது முழுக்க அந்நியம் கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றாரே, அந்தப் போட்டியில் பயன்படுவது இதே ரகத் தோட்டாதான்.

அமெரிக்காவில் ஒரு சிறுவனோ சிறுமியோ முதன்முதலில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். சத்தம் குறைவு, உதைப்பு குறைவு, செலவும் குறைவு. கிராமப்புறங்களில் அணில், முயல் வேட்டைக்கும் இதுதான். சாரணர் இயக்கத்திலும், கிராமத்துப் பிள்ளைகளுக்கான 4-எச் மன்றங்களிலும் பயிற்சிக்கு இதையே பயன்படுத்துகிறார்கள்.

அதற்காக இது விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். 1968-ல் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டதும், 1981-ல் அதிபர் ரீகன் சுடப்பட்டதும் .22 ரகக் கைத்துப்பாக்கியால்தான்.

'ரிம்ஃபயர்' என்றால் என்ன? அதுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவில் பொத்தான் மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதை அடித்ததும் தீப்பற்றும். அந்தப் பொத்தான்தான் பிரைமர். சுட்டு முடித்த பிறகு பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு போட்டு வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்காவில் நிறைய பேர் அப்படிச் செய்கிறார்கள்.

.22-ல் அந்தப் பொத்தான் கிடையாது. கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் கலவையை ஆலையில் வைத்துவிடுவார்கள். ஊசி அடிப்பது விளிம்பை. அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். ஒரு முறை சுட்டால் அந்தக் கூடு குப்பைதான்.

அதனால் கடையில் சரக்கு இல்லை என்றால் வீட்டில் தயாரிக்கலாம் என்ற மாற்று வழியே கிடையாது. மொத்த நாடும் சில ஆலைகளை மட்டுமே நம்பி நிற்கிறது. ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டன், மின்னசோட்டாவின் அனோகா, மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபர்ட், ஆர்கன்சாவின் லோனோக் ஆகிய ஊர்களில் பெரிய ஆலைகள் இருக்கின்றன. இதுபோக மெக்சிகோ, பிரிட்டன், ஜெர்மனியில் இருந்து இறக்குமதி ஆகிறது.

தோட்டாவை வைத்து வாங்கும் சக்தியை எப்படி அளப்பது?

ஒரு நாட்டின் பணத்துக்கு என்ன மதிப்பு என்பதைப் புரிந்துகொள்ள, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வது பழைய உத்தி. 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை 1986 முதல் மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் பர்கர் விலையை வைத்து இப்படி ஒரு கணக்கை வெளியிட்டு வருகிறது.

.22 தோட்டாவும் அப்படிப்பட்ட பொருள்தான். 1990-ல் வாங்கிய தோட்டாவும் இன்று வாங்கும் தோட்டாவும் ஏறக்குறைய ஒன்றே. செல்போன் மாதிரி வருஷா வருஷம் புது வசதி சேர்த்து விலை ஏற்றும் வேலை இதில் இல்லை. அதனால்தான் பண மதிப்பு பற்றிய பேச்சு வந்தாலே, அமெரிக்க கிராமப்புறங்களில் "அப்போ ஒரு பிரிக் என்ன விலை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 'பிரிக்' என்றால் செங்கல். 50 தோட்டா கொண்ட 10 பெட்டிகளை ஒன்றாக அடுக்கிக் கட்டினால் பார்க்கச் செங்கல் மாதிரியே இருக்கும். அதனால் 500 தோட்டாவுக்கு அந்தப் பெயர்.

ஆனால் இந்த அளவுகோலில் ஒரு கோளாறு உண்டு. பர்கரை யாரும் பதுக்கி வைக்க முடியாது. தோட்டாவைப் பதுக்கலாம்.

2012 டிசம்பர்: அலமாரி காலியானது எப்படி?

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். நாடே உறைந்து போனது.

அடுத்த மாதமே அதிபர் ஒபாமா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் திட்டங்களை அறிவித்தார். "சட்டம் வர்றதுக்குள்ள வாங்கி வெச்சிடணும்" என்று ஒரு பெருங்கூட்டம் கடைகளை நோக்கி ஓடியது. துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்க எஃப்.பி.ஐ-க்கு அந்த டிசம்பரில் மட்டும் வந்த கோரிக்கைகள் சுமார் 27.8 லட்சம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அன்று பேசப்பட்ட கட்டுப்பாடுகள் .22 தோட்டாவைக் குறிவைத்தவை அல்ல. ராணுவ பாணி துப்பாக்கிகள், அதிகத் தோட்டா பிடிக்கும் மேகசின்கள், வாங்குவோரின் பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவைதான் விவாதத்தில் இருந்தன. அவையும் நிறைவேறவில்லை. பின்னணிச் சரிபார்ப்பை விரிவாக்கும் மான்ச்சின்-டூமி திருத்தத்துக்கு 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் ஆதரவாக 54 ஓட்டு, எதிராக 46. தேவைப்பட்டது 60. திருத்தம் தோற்றது.

சட்டம் வரவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. அமெரிக்காவில் தோட்டா வாங்க நாடு தழுவிய எண்ணிக்கை வரம்பு எதுவும் கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் பின்னணிச் சரிபார்ப்பும் இல்லை. வயதும் காசும் இருந்தால் வண்டி நிறைய வாங்கிக்கொண்டு போகலாம். 2013 ஜனவரியில் வால்மார்ட் நிறுவனம் ஒருவருக்கு மூன்று பெட்டி என்று கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. டெலிவரி லாரி வரும் நாளைத் தெரிந்துகொண்டு கடை வாசலில் காலையிலேயே காத்திருந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் வாங்கியதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்தார்கள்.

ஒரு பெட்டி கூடுதலா வாங்கினா குறைஞ்சா போயிடும்?

குறைந்துதான் போகும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடி பேர், வழக்கமாக வாங்குவதை விட ஒரே ஒரு பிரிக் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கே கூடுதலாக 500 கோடி தோட்டா வேண்டும்.

யாரும் பெரிய பதுக்கல்காரர் இல்லை. ஒவ்வொருவரும் "ஒண்ணே ஒண்ணுதானே" என்றுதான் எடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்து எடுத்ததில் அலமாரி காலி. காலி அலமாரியைப் பார்த்தவர் அடுத்த முறை கிடைக்கும்போது மூன்றாக எடுக்கிறார். 2020-ல் டாய்லெட் பேப்பருக்கு நடந்தது இதேதான். ஒரே வித்தியாசம், .22 தட்டுப்பாடு ஒழுங்காகத் தீர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆலைகள் ஏன் கூடுதலாகத் தயாரிக்கவில்லை?

தயாரித்தார்கள். ஆலைகள் இரவு பகலாக ஓடின. ஆனால் புது ஆலை கட்டத்தான் தயங்கினார்கள். காரணம் எளிது. ரிம்ஃபயர் தயாரிக்கத் தனி இயந்திரங்கள் வேண்டும். விளிம்புக்குள் கலவை வைக்கும் வேலை ஆபத்தானது, பழகிய கைகள் வேண்டும். அவ்வளவு முதலீடு போட்டு உருவாக்கும் பொருளோ சில சென்ட்டுக்கு விற்பது. ஒரு தோட்டாவில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு.

அதோடு பயத்தால் வரும் கிராக்கி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். அப்படியே நடந்தது. 2016 நவம்பரில் டிரம்ப் வெற்றி பெற்றதும் "இனி கட்டுப்பாடு வராது" என்று மக்கள் வாங்குவதைக் குறைத்தார்கள். துப்பாக்கி விற்பனையே சரிந்தது. அமெரிக்காவின் மிகப் பழைய துப்பாக்கி நிறுவனங்களில் ஒன்றான ரெமிங்டன், 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2020-ல் இரண்டாவது முறையும் போனது.

பரவிய வதந்திகள்... உண்மை என்ன?

தட்டுப்பாடு வந்தால் வதந்தியும் வரும். இரண்டு வதந்திகள் பெரிதாகப் பரவின.

ஒன்று: "அரசாங்கமே எல்லாத் தோட்டாவையும் வாங்கிக்குது." உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கோடிக்கணக்கில் வாங்கிக் குவிக்கிறது என்றார்கள். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. இதை ஆராய்ந்து 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அந்தத் துறையின் ஆண்டுக் கொள்முதல் 2009-க்குப் பிறகு குறைந்துதான் வந்திருக்கிறது, வாங்கியதும் பெரும்பாலும் பயிற்சிக்குத்தான் என்றது அறிக்கை.

இரண்டு: "ஈய ஆலையை மூடிட்டாங்க, இனி குண்டே செய்ய முடியாது." மிசௌரி மாநிலத்தின் ஹெர்குலேனியத்தில் இருந்த, தாதுவிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலை 2013 இறுதியில் மூடப்பட்டது உண்மை. ஆனால் அமெரிக்காவில் உருவாகும் ஈயத்தில் பெரும்பகுதி பழைய பேட்டரிகளை உருக்கி எடுப்பது. தட்டுப்பாடும் ஆலை மூடுவதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது.

2020-ல் மறுபடியும் அதே கதை

கொரோனா ஊரடங்கு, ஜார்ஜ் ஃப்ளாய்ட் மரணத்தைத் தொடர்ந்த போராட்டங்கள், அதிபர் தேர்தல். மூன்றும் ஒரே ஆண்டில். எஃப்.பி.ஐ-க்கு 2019-ல் வந்த பின்னணிச் சரிபார்ப்புக் கோரிக்கைகள் 2.8 கோடி. 2020-ல் அது கிட்டத்தட்ட 4 கோடியைத் தொட்டது. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு விற்பனை என்று அர்த்தமில்லை. ஆனால் போக்கு புரிகிறது.

மலிவு ரக .22 தோட்டா 15 சென்ட்டையும் தாண்டி விற்றது. அதன் பிறகு படிப்படியாக இறங்கி இன்றைய நிலைக்கு வந்திருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை? இதோ கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். விலையை டாலரில் பார்க்காமல், வேலை நேரத்தில் பார்த்தால் என்ன தெரிகிறது?

அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலை 24 முதல் இன்று வரை ஒரு சென்ட் கூட ஏறவில்லை. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் சுமார் 640 ரூபாய். மலிவு ரகத் தோட்டாவின் தோராய விலையை வைத்து இந்தச் சம்பளத்தில் எத்தனை வாங்கலாம் என்று பார்த்தால்:

- 2012, தட்டுப்பாட்டுக்கு முன் (4 சென்ட்): 181 தோட்டா
- 2013-14, மறுவிற்பனை விலை (12 சென்ட்): 60 தோட்டா
- 2019 (5 சென்ட்): 145 தோட்டா
- 2021 (15 சென்ட்): 48 தோட்டா
- இன்று (7 சென்ட்): 103 தோட்டா

ஏற்ற இறக்கங்களை ஒதுக்கிவிட்டு, அமைதியான ஆண்டுகளை மட்டும் பாருங்கள். 181, 145, 103. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே வருகிறது. தேடிப்பிடித்து 6 சென்ட்டுக்கு வாங்கினால் கூட 120-தான்.

அப்போ தோட்டா விலைதான் அநியாயமா ஏறிடுச்சா?

அப்படியும் சொல்ல முடியாது. 2012-ல் இருந்து 2024-க்குள் அமெரிக்காவின் பொது விலைவாசி சுமார் 37 சதவீதம் ஏறியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் 4 சென்ட் தோட்டா இன்று 5.5 சென்ட்டாவது இருந்திருக்க வேண்டும். அதாவது, எந்தப் பீதியும் வராமல், பதுக்கலே நடக்காமல் இருந்திருந்தாலும், 7.25 டாலர் சம்பளக்காரருக்கு இன்று கிடைத்திருக்கக் கூடியது 131 தோட்டா மட்டுமே.

தொலைந்து போன 78 தோட்டாவில் 50 தோட்டாவை எடுத்துக்கொண்டது சாதாரண விலைவாசி உயர்வு. மீதி 28-தான் தோட்டாச் சந்தையின் தனிக் கதை.

சராசரிச் சம்பளம் வாங்குகிறவர் நிலை என்ன? தனியார் துறையில் ஒரு மணி நேரத்தின் சராசரிச் சம்பளம் 2012 இறுதியில் சுமார் 24 டாலர். அன்று அவர் 600 தோட்டா வாங்கியிருப்பார். 2025-ல் அந்தச் சராசரி சுமார் 36 டாலர். வாங்கக் கூடியது 514. அவருக்கும் நஷ்டம்தான், ஆனால் 14 சதவீதம். குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கோ 43 சதவீதம்.

ஒரே கடை, ஒரே பெட்டி, ஒரே விலை. ஒருவருக்கு அது கொஞ்சம் விலை கூடிய பொருள். இன்னொருவருக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பான பொருள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் 103, அந்தப் பக்கம் 238

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க லூயிஸ்டன் ஊருக்குப் போக வேண்டும். .22 தோட்டாவுக்குப் பேர்போன சி.சி.ஐ. ஆலை இருக்கும் ஊர் இது. இருப்பது ஐடஹோ மாநிலத்தில். அங்கே குறைந்தபட்சச் சம்பளம் அதே 7.25 டாலர்தான்.

ஊரை ஒட்டி ஸ்னேக் ஆறு ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் கிளார்க்ஸ்டன். அது வாஷிங்டன் மாநிலம். அங்கே 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 16.66 டாலர். 7 சென்ட் விலையில் ஒரு மணி நேரத்துக்கு இந்தக் கரையில் 103 தோட்டா, அந்தக் கரையில் 238. இது ஆலைத் தொழிலாளியின் சம்பளக் கணக்கு அல்ல. இரண்டு மாநிலச் சட்டங்கள் போட்ட கோடு.

"7.25 டாலருக்கு இப்போ யாருங்க வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் அமெரிக்கர்களில் அந்தத் தொகையோ அதற்குக் கீழோ வாங்குபவர்கள் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் டெக்சாஸ், ஜார்ஜியா, பென்சில்வேனியா, டென்னசி உட்பட சுமார் 20 மாநிலங்களில் இன்றும் சட்டம் சொல்லும் அடித்தளம் இதுதான். அடித்தளம் அங்கேயே கிடந்தால், அதற்குச் சற்று மேலே 9, 10 டாலர் வாங்குகிறவருக்குப் பேரம் பேசப் பலம் குறைகிறது. வேட்டையும் .22 துப்பாக்கியும் சகஜமாக இருக்கும் தென் மாநிலங்கள் பல இந்தப் பட்டியலில்தான் வருகின்றன.

தோட்டா பணமாகுமா?

பண மதிப்பு குறைகிறது என்ற பேச்சு வந்ததும் அமெரிக்காவில் ஒரு தரப்பு சொல்லும் யோசனை: "டாலரை நம்பாதே, தோட்டா வாங்கி வை. நாளைக்கு அதுதான் சில்லறைக் காசு."

கேட்க விநோதமாக இருந்தாலும் இதற்கு வரலாறு இருக்கிறது. 1635-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, மஸ்கட் துப்பாக்கியின் குண்டு ஒன்று ஒரு ஃபார்திங்குக்குச் சமம் என்று ஆட்சி மன்றமே உத்தரவு போட்டது. ஃபார்திங் என்றால் கால் பென்னி. ஒரே நேரத்தில் 12 பென்னிக்கு மேல் குண்டாகக் கொடுத்தால் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதாவது 48 குண்டுதான் வரம்பு.

இரண்டாம் உலகப் போரில் கைதிகள் முகாம்களில் சிகரெட் பணமாகப் புழங்கியதை, அங்கே கைதியாக இருந்த பொருளாதார அறிஞர் ராட்ஃபோர்ட் 1945-ல் கட்டுரையாக எழுதினார். அமெரிக்க மத்திய சிறைகளில் 2004-ல் சிகரெட்டுக்குத் தடை வந்த பிறகு, கானாங்கெளுத்தி மீன் பாக்கெட் அந்த இடத்தைப் பிடித்தது.

அந்த வகையில் .22-க்குச் சில தகுதிகள் உண்டு. ஒன்றுபோல் ஒன்று இருக்கும். எண்ணிக் கொடுக்கலாம். ஈரம் படாமல் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது.

ஆனால் ஓட்டைகள் அதை விடப் பெரிது. 500 தோட்டாவின் எடை சுமார் 1.7 கிலோ. இன்றைய மதிப்பு 35 டாலர். ஒரு 100 டாலர் நோட்டின் எடை ஒரே ஒரு கிராம். அமெரிக்கத் தபாலில் தோட்டா அனுப்பத் தடை. கலிஃபோர்னியாவில் தனிநபர்கள் கைமாற்றினால் கூடப் பொதுவாக உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் செய்ய வேண்டும். குற்றத் தண்டனை பெற்றவருக்குக் கொடுத்தால் அதுவே ஒரு குற்றம். யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்க முடியாத பொருள் எப்படிச் சில்லறைக் காசாகும்?

வாங்கி வைத்தவர்களுக்கு லாபமா, நஷ்டமா?

இதற்கும் கணக்கு இருக்கிறது.

2012-ல் 20 டாலருக்கு ஒரு பிரிக் வாங்கி அலமாரியில் வைத்தவரிடம் இன்று 35 டாலர் பொருள் இருக்கிறது. விலைவாசிக்கு ஈடாக 27 டாலர் இருந்தால் போதும். ஆக, கொஞ்சம் லாபம். ஆனால் அவர் சத்தம் போடாமல், யாரும் வாங்காத நேரத்தில் வாங்கியவர்.

பீதியில் ஓடி 2014-ல் 60 டாலருக்கு வாங்கியவர் கதை வேறு. விலைவாசியோடு ஒட்டி நிற்க அவருடைய பெட்டி இன்று 80 டாலருக்குப் போக வேண்டும். போவதோ 35 டாலர். பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க: 2013 தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ் தங்கம் சுமார் 1,650 டாலர். 2025 அக்டோபரில் அது 4,000 டாலரைத் தாண்டியது. பணவீக்கத்துக்குப் பயந்து தோட்டா வாங்கியவர்களில், பயம் உச்சத்தில் இருந்தபோது வாங்கியவர்களுக்குத்தான் பெரிய நஷ்டம்.

இதில் உண்மையில் அடி வாங்கியது யார்?

பதுக்கியவர் கூட இல்லை. பதுக்க வசதி இல்லாதவர்தான்.

ஒரு பயிற்சி மன்றத்தில் 10 பிள்ளைகள், ஒரு வகுப்புக்கு ஆளுக்கு 100 தோட்டா என்று வைத்துக்கொள்வோம். 4 சென்ட் விலையில் ஒரு வகுப்புக்கு 40 டாலர். 15 சென்ட் விலையில் 150 டாலர். பெற்றோரின் நன்கொடையில் ஓடும் மன்றத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. தோட்டா எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது வகுப்பைக் குறைக்க வேண்டும்.

சம்பளம் வந்த பிறகு ஒரு பெட்டி, தீர்ந்த பிறகு அடுத்த பெட்டி என்று வாங்குகிறவர், விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கி வைக்க முடியாது. ஏறும்போது காத்திருக்கவும் முடியாது. வசதி உள்ளவர் 20 டாலர் விலையில் பத்து பிரிக் எடுத்து வைத்துவிட்டு, தட்டுப்பாட்டு ஆண்டுகளை நிம்மதியாகக் கடந்துவிடுவார். வாராவாரம் வாங்குகிறவர் ஒவ்வொரு உச்சத்தையும் முழு விலை கொடுத்துத்தான் கடக்கிறார்.

வரியும் சேர்கிறது. 1937-ன் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி தோட்டாவுக்கு 11 சதவீத மத்திய வரி உண்டு. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியா தன் பங்குக்கு இன்னொரு 11 சதவீதம் போட்டிருக்கிறது. துப்பாக்கி வன்முறையைத் தடுக்கும் திட்டங்களுக்கு அந்தத் தொகை. நோக்கம் எதுவாக இருந்தாலும், 7.25 டாலர் வாங்குகிறவரும் 70 டாலர் வாங்குகிறவரும் செலுத்துவது ஒரே விகித வரி.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது?

2012-க்குப் பிறகு .22 விலை இரண்டு முறை வானத்துக்கு ஏறி இறங்கியது. இரண்டுக்கும் காரணம் பயம். அந்த விலையை வைத்துக்கொண்டு "டாலர் செத்துப்போச்சு" என்று சொன்னவர்களின் கணிப்பு தப்பாகிப்போனது. பயம் அடங்கியதும் விலையும் அடங்கியது.

அலமாரி காலியானபோது அது செய்தியானது, கேமராக்கள் வந்தன, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 7.25 டாலரின் மதிப்பு 2009-ல் இருந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது மட்டும் எந்த ஒரு நாளிலும் பரபரப்பாக நடக்கவில்லை. வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

தோட்டாக்கள் அலமாரிக்குத் திரும்பி வந்துவிட்டன. எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். 2012-ல் ஒரு மணி நேர வேலைக்கு 181 எடுத்தவர், இன்று 103-ஐ எடுத்துக்கொண்டு பில் போட வரிசையில் நிற்கிறார்.